மலை மேல ஒரு அப்ளிகேஷன்!

"கனடாவுல படிக்கணும், அப்ளிகேஷன் எப்படிப் போடுறது?" இந்தக் கேள்வி இல்லாம நமக்கு ஒரு வாரம்கூட தபால் வர்றதில்லை. அதனால முதல்ல கனடாவுக்கு ஒரு ரவுண்ட் போயிட்டு, அப்படியே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிடுவோம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு பாஸ்.

கனடாவுல ஒன்டாரியோ மாகாணம். டொரண்டோ, அதைச் சுத்தி லட்சக்கணக்கான தமிழர்கள் இருக்காங்களே, அந்த ஏரியாதான். அங்கே பள்ளிப் படிப்பை முடிக்கிற பசங்க ஒவ்வொரு யுனிவர்சிட்டி வாசல்லயும் போய் நிக்கிறதில்லை. 1971-ல இருந்து அதுக்குன்னே ஒரு பொது அப்ளிகேஷன் மையம் ஓடுது. எந்த யுனிவர்சிட்டி, எந்த கோர்ஸ்னு ஒரே இடத்துல பதிஞ்சா போதும். மார்க்கை ஸ்கூலே நேரா அனுப்பிடும். அதுக்கும் மேல, ஸ்கூலுக்குள்ளேயே கைடன்ஸ் கவுன்சலர்னு ஒருத்தர் இருப்பார். "உனக்கு இந்தப் பாடம் வேணும், இந்தத் தேதிக்குள்ள போடு"ன்னு சொல்றதுக்கே அவருக்குச் சம்பளம்.

இது அந்த ஊர்ப் பசங்களுக்கு. நம்மள மாதிரி வெளியில இருந்து போறவங்களுக்கு வேற கதை. 2024 ஜனவரியில ஸ்டடி பெர்மிட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வெச்சாங்க. கைச்செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையும் அதே மாசம் 10,000 கனடா டாலர்ல இருந்து 20,635 டாலருக்குத் தாவிச்சு. ஃபீஸ் தனி! பிளஸ் டூ முடிச்ச கையோட கனடாங்கறது யாருக்குக் கட்டுப்படியாகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எனக்கு அந்த டாலரைவிட கைடன்ஸ் கவுன்சலர் சமாச்சாரம்தான் மனசுல நின்னுச்சு. கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஓரமா விட்டுட்டு, வளைஞ்சு வளைஞ்சு ஏறினா வெள்ளிமலை. கல்வராயன் மலை தாலுகாவோட தலைமையிடம். அங்கே பிளஸ் டூ படிக்கிற ஒரு தங்கச்சிக்கு அந்த கவுன்சலர் வேலையை யார் பார்க்கிறது? டீச்சர்ஸ் முடிஞ்சதைச் செய்றாங்க, இல்லைன்னு சொல்லல. பப்ளிக் எக்ஸாம், ரெகார்டு நோட்டு, எமிஸ் என்ட்ரி எல்லாத்தையும் பார்த்துட்டு மிச்ச நேரத்துலதான் அவங்களால செய்ய முடியும். அப்பா அம்மா மரவள்ளிக் காட்டுல இருப்பாங்க, இல்லைன்னா எஸ்டேட் வேலைக்கு வெளியூர் போயிருப்பாங்க. மிச்சம் யாரு? லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிற நீங்கதான். மலையில இருந்து காலேஜுக்கு வந்தவங்க மட்டும் இல்லை. சங்கராபுரம், சின்னசேலம், ஆத்தூர்னு அடிவாரத்துல இருக்கிற எல்லாருக்கும்தான் சொல்றேன்.

2025-ல நடந்ததை நினைச்சுப் பாருங்க. கல்வராயன் மலையோட சேலம் மாவட்டப் பக்கம் கருமந்துறை. அங்கே இருக்கிற அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில படிச்ச ஒரு மாணவி ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதி, எஸ்.டி. பிரிவுல அகில இந்திய அளவுல 417-வது ரேங்க் எடுத்தாங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல இடம்! படிப்புச் செலவை அரசே ஏத்துக்கும்னு அறிவிப்பும் வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம், 2024-ல, திருச்சி பக்கம் பச்சமலையில அதே மாதிரி பழங்குடியினர் பள்ளியில படிச்ச ஒரு மாணவி ஜே.இ.இ. மெயின் எழுதி என்.ஐ.டி. திருச்சியில சேர்ந்தாங்க. பேப்பர், டி.வி. எல்லாம் கொண்டாடுச்சு. நாமும் கைதட்டினோம்.

கைதட்டி முடிச்சப்புறம் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. இந்த எக்ஸாம், இந்த இட ஒதுக்கீடு எல்லாம் எத்தனையோ வருஷமா இருக்கே, அந்த மலையில புத்திசாலிப் பிள்ளைங்களும் எத்தனையோ வருஷமா இருந்திருப்பாங்களே, அவங்க எல்லாம் எங்கே போனாங்க? பதில் ரொம்ப சிம்பிள். பெரும்பாலானவங்க அப்ளிகேஷனே போடல. நவம்பர்ல ஒரு எக்ஸாமுக்கு ஃபார்ம் போடணும்னு மே மாசம்தான் தெரிஞ்சிருக்கும்!

தீபாவளிக்கே ஆரம்பிங்க

நம்மல பல பேரு "அட்மிஷன்"னா பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம்னு நினைக்கிறோம். இன்ஜினீயரிங் கவுன்சலிங், கலை அறிவியல் கல்லூரிக்கு எல்லாம் அது சரி. ஆனா ஜே.இ.இ. மெயின் முதல் செஷனுக்கு அப்ளிகேஷன், சமீப வருஷங்கள்ல அக்டோபர் கடைசியில, நவம்பர்ல வந்து முடிஞ்சுபோகுது. அதாவது, நீங்க தீபாவளிக்கு ஊருக்குப் போற அதே நேரம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வு (2022-ல ஆரம்பிச்சது) ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவுல எப்ப வேணும்னாலும் கதவைத் திறந்து மூடும். சோ, பொங்கல் லீவுல அதைக் கேட்டு வெச்சுக்கணும். மே மாசம்தான் நமக்கு நல்லாத் தெரிஞ்ச இன்ஜினீயரிங் கவுன்சலிங்.

"ஜே.இ.இ.யா? தமிழ் மீடியம் பசங்களுக்கு எதுக்கு அந்த வம்பு?"ன்னு ஒரு சீனியர் என்கிட்ட கேட்டார். அவருக்கும் சேர்த்தே சொல்றேன். 2021-ல இருந்து ஜே.இ.இ. மெயின் கேள்வித்தாளைத் தமிழ்லயும் வாங்கலாம். கியூட்டும் அப்படித்தான். அட்வான்ஸ்டு மட்டும் இங்கிலீஷ், இந்தி ரெண்டே மொழி. அந்த அநியாயத்தை இன்னும் யாரும் சரி பண்ணல. ஆனா என்.ஐ.டி.க்கு மெயினே போதும்.

இப்போ ஒரு கணக்கு. இதை மட்டும் அந்தத் தம்பி, தங்கச்சிங்களை உட்கார வெச்சுப் பொறுமையாச் சொல்லுங்க. தமிழ்நாட்டுல 69 சதவீத இட ஒதுக்கீட்டுல எஸ்.டி.க்கு 1 சதவீதம். மாநில மக்கள்தொகையில பழங்குடியினர் 2011 கணக்குப்படி 1.1 சதவீதம், அதுக்கு ஏத்த மாதிரி. 60 சீட் இருக்கிற ஒரு டிபார்ட்மென்ட்டுல 1 சதவீதம்னா எவ்வளவு? 0.6. ஒரு முழு ஆள்கூட இல்ல! கிண்டி மாதிரி டாப் காலேஜ்ல ஆசைப்பட்ட ஒரே கோர்ஸை மட்டும் நம்பி உட்கார்ந்தா என்ன ஆகும்னு புரியுதா?

மத்திய அரசு நிறுவனங்கள்ல எஸ்.டி.க்கு 7.5 சதவீதம். அதே 60 சீட்டுல நாலரை. இது நாடு முழுக்க இருக்கிற பழங்குடி மாணவர்களுக்கும் சேர்த்துங்கறது உண்மைதான். ஆனா என்.ஐ.டி.யில இன்னொரு சங்கதி இருக்கு. அங்கே பாதி சீட் 'ஹோம் ஸ்டேட்', அதாவது அந்த மாநிலத்துல பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு. ஒரு என்.ஐ.டி.யில ஆயிரம் சீட்னு வெச்சுக்குவோம். பாதி 500. அதுல 7.5 சதவீதம் 37 சொச்சம். திருச்சி என்.ஐ.டி.யில அந்த 37 சொச்சத்துக்குப் போட்டி போடுறது தமிழ்நாட்டுல படிச்ச எஸ்.டி. மாணவர்கள் மட்டும். அவங்கள்ல ஜே.இ.இ. எழுதினவங்க எத்தனை பேர் இருப்பாங்க? பச்சமலை மாணவி 73 சொச்சம் பர்சன்டைல்ல உள்ளே போனது அதிர்ஷ்டம் இல்லீங்க, கணக்கு! (பக்கத்துலதானே இருக்குன்னு காரைக்கால்ல இருக்கிற என்.ஐ.டி. புதுச்சேரியை முதல் சாய்ஸா போட்டுடாதீங்க. அங்கே ஹோம் ஸ்டேட் புதுச்சேரி. நம்மாளு அங்கே வெளியூர்க்காரர்.)

அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெற எஸ்.டி.க்கு வேண்டிய மெயின் பர்சன்டைல் 2023, 2024, 2025 மூணு வருஷமும் 50-க்குக் கீழேதான் இருந்துச்சு. ஒரு எச்சரிக்கை: பர்சன்டைல் வேற, மார்க் சதவீதம் வேற. எழுதின நூறு பேர்ல எத்தனை பேர் உங்களுக்குக் கீழே இருக்காங்கங்கறதுதான் பர்சன்டைல். இது தெரியாம "பாதிக்குப் பாதி மார்க் எடுக்கணுமாம்"னு பயந்து விலகிப்போறவங்க இருக்காங்க. பிளஸ் டூவுல எஸ்.டி.க்கு 65 சதவீதம் கேப்பாங்க, அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க. இடம் கிடைச்சா ஐ.ஐ.டி.யிலயும் என்.ஐ.டி.யிலயும் எஸ்.டி. மாணவர்களுக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல், மெஸ் செலவுக்குத்தான் வழி பார்க்கணும்.

கையெழுத்து யாரோடது?

இப்போ மெயின் வில்லனுக்கு வருவோம். சாதிச் சான்றிதழ்!

உங்க ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பையனுக்கு கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட் தாலுகா ஆபீஸோட முடிஞ்சிருக்கும். பழங்குடியினருக்கு அப்படி இல்லை. 1989-ல இருந்து எஸ்.டி. சான்றிதழ்ல கையெழுத்துப் போட வேண்டியவர் கோட்டாட்சியர், ஆர்.டி.ஓ. (சப்-கலெக்டர் இருக்கிற இடத்துல அவர்.) வெள்ளிமலைப் பக்கம்னா கள்ளக்குறிச்சி, கருமந்துறைப் பக்கம்னா ஆத்தூர். ஒரே மலை, ரெண்டு மாவட்டம், ரெண்டு ஆபீஸ்! இ-சேவையில 60 ரூபா கட்டிப் பதிவு பண்ணினா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு ஒவ்வொரு படியா ஏறி ஆர்.டி.ஓ. டேபிளுக்குப் போகணும். நடுவுல விசாரணை வரும். விசாரணைக்கு வர்ற அன்னிக்கு அப்பா குடகுல மிளகு பறிச்சிட்டிருந்தா? ஃபைல் அங்கேயே உட்கார்ந்துக்கும்.

அதனால இதைப் பிளஸ் டூ வரைக்கும் தள்ளிப்போடாம, பிளஸ் ஒன்னுலயே வாங்க வைங்க. ஓ.பி.சி. சான்றிதழ் மாதிரி இதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டாம், ஒரு தடவை வாங்கினா போதும். அப்பாவோட பழைய சான்றிதழ்ல தாசில்தார் கையெழுத்து இருக்கேன்னு குழம்பாதீங்க. 1989-க்கு முன்னாடி அவர்தான் கொடுத்தார். அது பெட்டியில இருந்தா தங்கம், பத்திரமா லேமினேஷன் பண்ணாம (ஆமா, பண்ணாம!) ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க.

அடுத்தது பேர்ல வர்ற குழப்பம். கல்வராயன் மலையில இருக்கிறவங்க பெரும்பாலும் 'மலையாளி' பழங்குடியினர். தமிழ்நாட்டோட மிகப்பெரிய பழங்குடி சமூகம் இவங்கதான், 2011-ல மூன்றரை லட்சத்துக்கு மேல. மலையை ஆள்றவங்கங்கற அர்த்தத்துல வந்த பேர், பேசுறது தமிழ். ஆனா வெளிமாநில காலேஜ்ல வெரிஃபிகேஷன் டேபிள்ல போய் நின்னா, "மலையாளியா? கேரளாவா? அது எப்படி எஸ்.டி.?"ன்னு கேட்பாங்க. சிரிக்காதீங்க, அந்த நேரத்துல பதினேழு வயசுப் பிள்ளைக்கு அழுகைதான் வரும். தமிழ்நாட்டு எஸ்.டி. பட்டியல் இருக்கிற பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, 'மலையாளி'ங்கற வரிக்குக் கீழே கோடு போட்டு ஃபைல்ல வெச்சு அனுப்புங்க. எடுத்து நீட்டினா போதும், பேச்சு முடிஞ்சிடும்.

அந்த வரியிலயும் ஒரு திருகு இருக்கு. 'மலையாளி'க்குப் பக்கத்துல பட்டியல்ல மாவட்டப் பேர் போட்டிருப்பாங்க: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கள்ளக்குறிச்சி எங்கே? இருக்காது! ஏன்னா கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி விழுப்புரம். 1993-க்கு முன்னாடி தென் ஆற்காடு. அந்தத் தென் ஆற்காடுக்குள்ளதான் நம்ம வெள்ளிமலை இருக்கு. இந்த மூணு வரி வரலாற்றைப் பிள்ளைக்கு மனப்பாடம் பண்ணிக்கொடுங்க, கேக்குற ஆபீஸர்கிட்ட தைரியமாச் சொல்லட்டும். இந்த மாவட்டப் பட்டியலாலயே ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில இருக்கிற அதே மலையாளி மக்களுக்கு எஸ்.டி. சான்றிதழ் கிடைக்காம, வருஷக்கணக்கா கேட்டுட்டே இருக்காங்க. ஒரு மாவட்ட எல்லைக்கோடு ஒரு பிள்ளையோட படிப்பையே எங்கே கொண்டுபோய் நிறுத்துது பாருங்க!

இன்னொண்ணு, 'கவுண்டர்'. மலையில பல குடும்பங்களுக்கு இந்தப் பட்டம் உண்டு. 1976-ல அரசாங்கம் எடுத்துக்கிற வரைக்கும் அந்த மலையை ஆண்ட ஜாகிர்தார்கள் பேர்லயே கவுண்டன் இருக்கும். அப்பாவோட பழைய ரேஷன் கார்டுல 'கவுண்டர்'னு இருக்கிறதைப் பார்த்துட்டு, கீழே இருக்கிற வேற சாதியோன்னு சந்தேகம் வந்து விசாரணை நீளலாம். டி.சி., ஆதார், ரேஷன் கார்டு மூணுலயும் பேர், இனிஷியல், அப்பா பேர் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பாருங்க. இல்லைன்னா மாத்த வேண்டியதை லீவுலயே மாத்திடுங்க.

மத்திய அரசு காலேஜுக்கு, அவங்க வெச்சிருக்கிற தனி ஃபார்மேட்ல எஸ்.டி. சான்றிதழ் கேட்கலாம். அந்தப் படிவத்தை முன்கூட்டியே பிரின்ட் எடுத்துட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனா ஒரு நடை மிச்சம். மலையில ஒரு நடைங்கறது ஒரு நாள் கூலி, தெரியும்ல?

ஓ.டி.பி. யாருக்கு வருது?

சரி, சர்ட்டிஃபிகேட் வந்தாச்சு. இனி பிரவுசிங் சென்டர்.

கீழே டவுன்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல (எதுன்னு கேட்காதீங்க) ஒரு மே மாசம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அப்ளிகேஷன் போட வந்த பசங்க எல்லாரும் கவுண்டர்ல மார்க் ஷீட்டைக் கொடுத்துட்டு பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க. உள்ளே டைப் பண்றவர் அவரோட மொபைல் நம்பரையே போடுறார், அவரோட மெயில் ஐ.டி.யையே போடுறார். பாஸ்வேர்டும் அவரோடதுதான்! அவர்மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. ஓ.டி.பி. சீக்கிரம் வரணும், வரிசை நகரணும், அதுதான் அவர் கவலை. ஆனா ஜூலையில 'உங்களுக்கு இந்தக் காலேஜ் ஒதுக்கியிருக்கோம், ஏத்துக்கிறீங்களா?'ன்னு மெசேஜ் வரும்போது அது யாரோட போனுக்குப் போகும்? பையன் மலையில சிக்னல் தேடிட்டு இருப்பான், அவன் தலையெழுத்து கீழே ஒரு ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துல டிங்குன்னு அடிச்சிட்டு இருக்கும்!

அதனால நீங்க செய்ய வேண்டிய முதல் உதவி, அந்தப் பிள்ளை பேர்ல ஒரு மெயில் ஐ.டி. ஆரம்பிச்சுக் கொடுக்கிறது. பாஸ்வேர்டை நோட்டுல எழுதி அம்மாகிட்ட கொடுக்கச் சொல்லுங்க. மொபைல் நம்பர் வீட்டுல யாராவது வெச்சிருக்கிற, ரீசார்ஜ் தீர்ந்துபோகாத நம்பரா இருக்கணும். மாற்று நம்பர் கேக்குற இடத்துல உங்க நம்பரைக் கொடுங்க. கொடுத்துட்டா, அப்புறம் மூணு மாசத்துக்கு 'தெரியாத நம்பர்'னு கட் பண்ணாதீங்க.

இன்ஜினீயரிங்கைப் பொறுத்தவரைக்கும் உங்களுக்கே எல்லாம் தெரியும், நீங்களே போட்டு வந்தவங்கதானே? எஸ்.டி.க்குப் பதிவுக் கட்டணம் பாதி: 500-க்குப் பதிலா 250. கம்ப்யூட்டர் இல்லாதவங்களுக்கு அரசாங்கமே உதவி மையம் வைக்குது, அங்கே காசு கொடுக்காமலே பதிவு பண்ணிக்கலாம். கவனிக்க வேண்டியது சாய்ஸ் ஃபில்லிங். "நாலு காலேஜ் போட்டேன் அண்ணா, போதும்ல?"ன்னு கேட்பாங்க. போதாது. எத்தனை வேணும்னாலும் போடலாம்னு விதியே இருக்கும்போது நாலோட ஏன் நிறுத்தணும்? அப்புறம், தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிச்ச நாளுக்குள்ள ஆன்லைன்ல 'சம்மதம்' சொல்லணும். சொல்லலைன்னா சீட் கைவிட்டுப் போயிடும். அந்த நாள்ல பிள்ளை மலையில இருக்கக் கூடாது. அடிவாரத்துல யார் வீட்டுலயாவது, முடிஞ்சா உங்க வீட்டுல, தங்க வைங்க.

ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. 2020-ல மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு விரிஞ்சது. பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் இதுல அரசுப் பள்ளிக் கணக்குதான். (முன்னாடி சொன்ன மத்திய அரசு 7.5 வேற, இந்த 7.5 வேற. ரெண்டும் ஒரே நம்பரா அமைஞ்சதுல எத்தனை பேர் குழம்பியிருக்காங்களோ!) அந்த ஒதுக்கீட்டுல கவுன்சலிங் மூலமா சேர்றவங்க ஃபீஸை அரசே கட்டும்னு அறிவிச்சாங்க. அதை அந்தப் பிள்ளையோட அப்பாகிட்ட சொல்லும்போது, பேப்பர் கட்டிங்கோட போய்ச் சொல்லுங்க. வாய்ல சொன்னா நம்ப மாட்டார். அவரை ஏமாத்தினவங்க லிஸ்ட் பெருசு.

பி.ஏ., பி.எஸ்சி.னா அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே வெப்சைட்தான். 2024-ல எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் கட்ட வேண்டியிருந்தது பதிவுக் கட்டணம் 2 ரூபா மட்டும். ஒரு டீ காசுகூட இல்ல.

வீட்டுல பேசுறது

ஃபார்ம் போடத் தெரிஞ்ச நம்ம ஆளுங்க சறுக்குறது ஒரு இடத்துலதான். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்ததும், "நீ ஈ.சி.இ. எடு, அதான் ஸ்கோப்"னு நாமே முடிவு பண்ணிடுவோம். ப்ளீஸ், வேண்டாம். அவங்களுக்கு அக்ரி புடிச்சிருக்கலாம், நர்சிங் புடிச்சிருக்கலாம், கள்ளக்குறிச்சியில 2022-ல திறந்த அரசு மருத்துவக் கல்லூரியைப் பார்த்து டாக்டர் ஆசை வந்திருக்கலாம். கேளுங்க. கேட்டுட்டு, ஒவ்வொண்ணுக்கும் என்ன எக்ஸாம், எவ்வளவு வருஷம், எவ்வளவு செலவுன்னு மட்டும் சொல்லுங்க.

பொண்ணுங்க விஷயத்துல வீட்டுக்கு அவசியம் நேர்ல போங்க, காலேஜ் படிக்கிற ஒரு அக்காவையும் கூட்டிட்டுப் போங்க. "ஹாஸ்டல்ல யார் பார்த்துக்குவா? பஸ் எங்கே நிக்கும்? உடம்பு சரியில்லைன்னா?" அப்பா, அம்மா கேக்குறது இவ்வளவுதான். ஹாஸ்டல் வார்டன் நம்பரை எழுதிக் கொடுத்து, அங்கேயே ஒரு போன் போட்டுப் பேச வெச்சுட்டா பாதி பயம் போயிடும். அதை விட்டுட்டு 'பெண் கல்வியின் முக்கியத்துவம்'னு லெக்சர் அடிச்சீங்கன்னா, மோர் கொடுத்து மரியாதையா அனுப்பி வெச்சிடுவாங்க.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில விஷச்சாராயத்துல அறுபதுக்கும் மேல செத்துப்போனப்போ, கல்வராயன் மலைன்னாலே சாராயம்னு ஊரெல்லாம் எழுதினாங்க. அடுத்த மாசம் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அந்த மலை மக்களோட நிலைமையை வழக்கா எடுத்து ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு கேள்வி மேல கேள்வி கேட்டுச்சு. அந்தச் செய்திங்களைப் படிச்ச காலேஜ் பசங்க சிலர், ஹாஸ்டல்ல மலைப் பையன்கிட்ட "உங்க ஊர்ல சரக்கு எவ்வளவுடா?"ன்னு கேட்டதையும் நான் கேட்டிருக்கேன். அந்த மாதிரி ஜோக் அடிக்கிற ஆளு உங்க கேங்ல இருந்தா, வீட்டுக்குப் போகும்போது தயவுசெஞ்சு அவரைக் கழட்டி விட்டுட்டுப் போங்க.

சீட் கிடைச்சு சேர்ந்தாச்சா? அதோட விட்டுடாதீங்க. பிள்ளை பேர்ல பேங்க் அக்கவுன்ட், அதுல ஆதார் இணைப்பு, ரெண்டும் முதல் மாசமே முடியணும். போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் கேட்பாங்க. 2022 செப்டம்பர்ல மாணவிகளுக்கு ஆரம்பிச்ச புதுமைப் பெண், 2024 ஆகஸ்ட்ல பசங்களுக்கு ஆரம்பிச்ச தமிழ்ப் புதல்வன், ரெண்டுமே அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மாசம் 1,000 ரூபான்னு அறிவிச்ச திட்டங்கள். காலேஜ் ஆபீஸ்ல பதிவு பண்ணலைன்னா பணம் தானா வந்து விழாது. முதல் செமஸ்டர்ல "மெஸ் பில் கட்ட முடியல"ன்னு மூட்டையைக் கட்டிட்டு மலை ஏறின பசங்க உண்டு.

அட, கனடாவை மறந்துட்டேனே! பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டுல படிக்க மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு. வருஷத்துக்கு நாடு முழுக்க 20 பேர். மாஸ்டர்ஸ், பிஎச்.டி., அதுக்கு மேல ஆராய்ச்சிக்குத்தான், இளங்கலைக்குக் கிடையாது. அதனால மலையில இருந்து டொரண்டோவுக்கு ரூட் கேக்குற தம்பிகிட்ட, இங்கே ஒரு டிகிரியை முடிச்சிட்டு வரச் சொல்லுங்க. ஃபைனல் இயர் படிக்கிற எஸ்.டி. ஃப்ரெண்ட்ஸ் அமைச்சக வெப்சைட்டை இப்பவே புக்மார்க் பண்ணி வெச்சுக்கோங்க.

அடுத்த வாரம், 'அரியர் இருந்தா கேம்பஸ் இன்டர்வியூவுல உட்கார முடியுமா?'ன்னு கேட்டு எழுதின அத்தனை பேருக்கும் பதில். பை!